பொலிட்டிகல் காம்பஸ் சோதனை: நம் ஊர் அரசியல் இந்தச் சதுரத்துக்குள் அடங்குமா?

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ராஜபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. ‘இடதுசாரி’, ‘வலதுசாரி’, ‘தாராளவாதம்’ என்ற சொற்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பொருள் இருக்கும். அதே சொற்கள் பிள்ளைகளின் போனில் வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. அப்படித்தான் பொலிட்டிகல் காம்பஸ் என்ற இணையச் சோதனையைப் பயன்படுத்த ஆரம்பித்தேன். வகுப்பில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி, சக ஆசிரியர்களோடு வேறு மாதிரி.

இதைப் பற்றித் தமிழில் நான் பார்த்தவை பெரும்பாலும் “என் புள்ளி இங்கே விழுந்தது” என்று ஒரு படத்தைப் போடுவதோடு முடிந்துவிடுகின்றன. புள்ளிக்குப் போகிற வழியில் வரும் கேள்விகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சோதனை 2001-ல் பிரிட்டனில் தொடங்கியது. ஆறு பக்கங்களில் மொத்தம் 62 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கே பதில்: முழுக்க ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை, அறவே ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு சதுரம் வரும். அதன் கிடைக்கோடு பொருளாதாரம், இடமிருந்து வலம். செங்குத்துக் கோட்டில் மேலே அதிகாரம், கீழே தனிமனித சுதந்திரம். இரண்டு கோட்டிலும் அளவு கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரை. உங்கள் பதில்களுக்கு ஏற்ப சதுரத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி விழும்.

காசு கிடையாது. தனியாக உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். யாரோடாவது வாக்குவாதம் செய்துகொண்டே போட்டால் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடிவிடும், அப்படிப் போடுவதுதான் நல்லது. முடிவுப் பக்கத்தின் முகவரியிலேயே உங்கள் இரண்டு எண்களும் இருக்கும் என்பதால் அந்த இணைப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதும். நான் பயன்படுத்திய வரையில் தமிழ் வடிவம் இல்லை. ஆங்கிலமும் சுலபமான ஆங்கிலம் அல்ல. ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நிபந்தனை, அதற்குள் ஒரு மறுப்பு என்று சில கூற்றுகள் சுற்றி வளைக்கும். அதனால் 62 கூற்றுகளையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கீழே நான் சொல்லும் கூற்றுகள் எல்லாம் அந்த நோட்டில் உள்ள என் தமிழ்தான்.

இந்தச் சோதனை செய்கிற முதல் நல்ல காரியம், இடது வலது என்பதைப் பொருளாதாரத்தோடு நிறுத்திக்கொள்வது. சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்றால் வலது. அரசோ கூட்டுறவோ சமூகமோ கையில் எடுக்க வேண்டும் என்றால் இடது. மதம், தேசம், தண்டனை, குடும்பம், காவல்துறை எல்லாம் செங்குத்துக் கோட்டுக்குப் போய்விடும்.

நம் பேச்சில் அப்படி இல்லை. 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் பிறந்த சொற்கள் இவை என்று வகுப்பில் சொல்வேன். பிறந்தபோது அவை மன்னரின் அதிகாரத்தைப் பற்றியவை. ஆலை, வரி, கூலி எல்லாம் பிற்பாடுதான் அவற்றோடு ஒட்டிக்கொண்டன.

எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்த கதை வேறு. அப்பா நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த ஏஐடியுசி தொழிற்சங்கம். 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்த பிறகு, இந்திய கம்யூனிஸ்ட் கட்சியை ‘வலது கம்யூனிஸ்ட்’ என்றும் மார்க்சிஸ்ட் கட்சியை ‘இடது கம்யூனிஸ்ட்’ என்றும் சொல்வது தமிழ்நாட்டில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஆலை வாசலில் அப்பாவை “வலதுக்காரர்” என்று சொன்னவர்கள் உண்டு. செங்கொடி பிடித்த மனிதருக்கு அந்தப் பெயர்! இன்று என் மாணவர்களிடம் வலதுசாரி யார் என்று கேட்டால் யோசிக்காமல் பாஜக, ஆர்எஸ்எஸ் என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் மதமும் தேசியமும். பொலிட்டிகல் காம்பஸில் வலது என்றால் தனியார்மயம், குறைந்த வரி, கட்டுப்பாடில்லாத வணிகம். ஆக, அப்பாவுக்கு ஒரு வலது, என் பிள்ளைகளுக்கு ஒரு வலது, சோதனைக்கு ஒரு வலது. இந்துத்துவம் பேசும் ஒருவர் சுதேசித் தொழில், விவசாய மானியம், பொதுத்துறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசினால் இந்தப் படத்தில் அவர் மேலே போவார், ஆனால் வலப்பக்கம் போக மாட்டார். இதைப் புரியவைக்க ஒரு பாடவேளை முழுக்க ஆகும். புரிந்த பிறகு, “இவரை வலதுசாரின்னு பேப்பர்ல போட்டிருக்காங்க மிஸ், இது எந்த வலது?” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனைக்கு நான் நன்றி சொல்வேன்.

‘லிபரல்’ என்ற சொல்லின் நிலை இன்னும் மோசம். 1991-க்குப் பிறகு நம்மிடம் ‘தாராளமயம்’ என்றால் அந்நிய முதலீடு, பொதுத்துறைப் பங்கு விற்பனை. ‘புதிய தாராளவாதம்’ என்பது இடதுசாரி மேடைகளில் வசைச்சொல். சமூக ஊடகத்தில் ‘லிபரல்’ என்பது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற வசை; சிறுபான்மையினருக்கும் பெண்ணுரிமைக்கும் பரிந்து பேசுகிறவர் என்று அதற்குப் பொருள். அமெரிக்காவில் லிபரல் என்றால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நிற்பவர். ஆஸ்திரேலியாவிலோ 1944-ல் மென்ஸீஸ் தொடங்கிய லிபரல் கட்சி பழமைவாதிகளின் கட்சி. பொலிட்டிகல் காம்பஸ் தன் கோடுகள் எதற்கும் அந்தப் பெயரை வைக்கவில்லை. நல்ல முடிவு.

ஆனால் செங்குத்துக் கோட்டின் கீழ்முனைக்கு அது வைத்திருக்கும் பெயர் ‘லிபர்டேரியன்’. அமெரிக்க யூடியூப் பார்க்கிறவர்கள் இங்கே குழம்புவார்கள். என்னிடம் படித்துவிட்டு இப்போது பெங்களூருவில் கணினி வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு லிபர்டேரியன் என்றால் வரியே கூடாது, அரசே கூடாது, துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள்தான். தன் புள்ளி கீழே இடப்பக்கம் விழுந்ததைப் பார்த்து, “நான் வரி வேணும்ங்கற ஆளு, இது தப்பா காட்டுது மிஸ்” என்று எனக்கு அனுப்பினான்.

தப்பில்லை. அவனுக்கு எழுதியதை இங்கேயும் சொல்கிறேன். அந்தச் சொல்லை அமெரிக்கச் சந்தைவாதிகள் எடுத்துக்கொண்டது பிற்காலத்தில்தான். லிபரல் என்ற பெயர் தங்கள் கையை விட்டுப் போய்விட்டது, இனி நாம் லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்வோம் என்று டீன் ரஸ்ஸல் என்பவர் எழுதியது 1955-ல். அந்தப் பெயரில் அங்கே கட்சி தொடங்கியது 1971-ல். அதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1857-ல், ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சு அரசின்மைவாதி அதே சொல்லின் பிரெஞ்சு வடிவத்தை அரசியல் பொருளில் பயன்படுத்திவிட்டார். அவர் பொதுவுடைமைப் பக்கம் நின்றவர். புரூதோன் என்ற இன்னொரு பிரெஞ்சு அரசின்மைவாதிக்கு எழுதிய திறந்த கடிதத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. அரசு வேண்டாம், ஆதிக்கம் வேண்டாம் என்று பேசிய புரூதோன் பெண்கள் விஷயத்தில் மட்டும் பழைய குடும்பத் தலைவராகவே இருந்தார். வீட்டுக்குள் ஆணின் ஆட்சியை ஒப்புக்கொள்ளும் நீங்கள் லிபரலே தவிர லிபர்டேரியன் அல்ல என்று அவரிடம் சண்டை பிடிக்கிறார் தெஜாக். சொல்லின் அரசியல் பிறப்பே பெண்களுக்கான ஒரு வாதத்தில் இருக்கிறது. பொலிட்டிகல் காம்பஸ் இந்தப் பழைய அகலமான பொருளில்தான் சொல்லை எடுத்துக்கொள்கிறது: அதிகாரத்துக்கு எதிர்ப்பதம். அதனால்தான் அதில் இடதுசாரி லிபர்டேரியனும் உண்டு, வலதுசாரி லிபர்டேரியனும் உண்டு.

தெஜாக்கின் அந்தக் கடிதம் எனக்கு இவ்வளவு நினைவில் நிற்பதற்குக் காரணம் அப்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை உட்காரவைத்து நோட்டிலிருந்து எல்லாக் கூற்றுகளையும் வாசித்தேன். ‘நிலம் விலைக்கு வாங்கி விற்கும் பண்டமாக இருக்கக் கூடாது.’ “முழுக்க ஒப்புக்கொள்றேன்னு போடு பாப்பா.” ‘குடிதண்ணீர்கூடப் பாட்டிலில் அடைத்து பிராண்டு போட்டு விற்கப்படுவது வருந்தத்தக்கது.’ அதற்கும் அப்படியே. ‘ஒவ்வொருவரிடமும் திறமைக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் தேவைக்கேற்ப’ என்பதை நான் பாதி வாசிக்கும்போதே மீதியை அவர் சொல்லிவிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

அப்புறம் அடுத்த பக்கங்கள் வந்தன. ‘பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் மிக முக்கியமானது ஒழுங்குக்குக் கட்டுப்படுவது.’ ஆமாம். ‘நல்ல பெற்றோர் சில சமயம் பிள்ளையை அடிக்க வேண்டியிருக்கும்.’ ஆமாம். ‘கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை இருக்க வேண்டும்.’ ஆமாம். ‘தாய்மார்கள் வேலைக்குப் போகலாம், ஆனால் அவர்களின் முதல் கடமை வீட்டைப் பார்த்துக்கொள்வது.’ அதற்கும் ஆமாம். ‘ஒரு கட்சி ஆட்சியில் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தும் வாக்குவாதங்கள் இருக்காது என்பது பெரிய நன்மை’ என்றதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒப்புக்கொள்றேன்னே போடு, சும்மா எதுக்குப் பொய் சொல்லணும்” என்றார்.

புள்ளி மேலே இடப்பக்கம் விழுந்தது. உலகத் தலைவர்களை உதாரணமாக வைத்து அந்தத் தளம் ஒரு படம் தருகிறது. அதில் காந்தி கீழே இடப்பக்கம், தாட்சர் மேலே வலப்பக்கம், சோவியத் தலைவர் ஸ்டாலின் மேலே இடது ஓரம். அப்பா ஸ்டாலின் இருக்கும் கட்டத்தில். “வாழ்நாள் பூரா விடுதலை விடுதலைன்னு கத்தினவன் நான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டே சொன்னார். அம்மா கேட்டாள்: “உங்க சங்கத்துல என்னைக்காவது ஒரு பொம்பளை தலைவரா இருந்தாளா?” அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தவள். அடுத்து அவளும் உட்கார்ந்தாள். வீட்டுக் கடமைக் கூற்று வந்ததும், “‘போகலாம்’னா என்ன அர்த்தம்? நான் போகலைன்னா அடுப்பு எரிஞ்சிருக்குமா?” என்று கேட்டுவிட்டு அறவே ஒப்புக்கொள்ளவில்லை என்றாள். ‘எல்லா அதிகாரமும் கேள்வி கேட்கப்பட வேண்டும்’ என்பதற்கு முழுக்க ஒப்புக்கொண்டாள். அவள் புள்ளி கீழே இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கிடைக்கோட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரும் ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போட்டு வந்திருக்கிறார்கள். செங்குத்துக் கோடு இல்லாமல் இந்த இடைவெளியைப் பேச எங்கள் வீட்டில் யாரிடமும் சொல் இல்லை. இது இந்தச் சோதனையின் பெரிய பலம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நடுநிலைப் பதில் இல்லாததும் எனக்குப் பிடித்திருக்கிறது. “நான் எந்தக் கட்சியும் இல்லைங்க, நடுநிலை” என்று சொல்லும் சக ஆசிரியர் ஒருவர், தண்டனை பற்றிய கூற்றுகளில் ஒவ்வொன்றாகப் பக்கம் எடுத்துக்கொண்டே போனார். எந்தப் பக்கமும் சாயாதவர் என்று தன்னைப் பற்றி நினைப்பதும், ஒரு குறிப்பிட்ட கேள்வியில் எங்கே நிற்கிறோம் என்பதும் வேறு வேறு. நான்கு பதில் மட்டும் இருப்பதால்தான் அது வெளியே வருகிறது.

இனி குறைகள்.

பல கூற்றுகள் ஒரு பக்கமாகச் சாய்த்து எழுதப்பட்டவை. முதல் பக்கத்திலேயே, பொருளாதார உலகமயம் தவிர்க்க முடியாதது என்றால் அது பன்னாட்டு நிறுவனங்களின் நலனைவிட முதன்மையாக மனிதகுலத்துக்குப் பயன்பட வேண்டும் என்று வருகிறது. இதை யார் மறுப்பார்கள்? சந்தைதான் மனிதகுலத்துக்கு நல்லது என்று உண்மையாகவே நம்பும் வணிகரும் ஒப்புக்கொள்வார், அந்த ஒப்புதலால் இடப்பக்கம் தள்ளப்படுவார். எந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை என்ற கணக்கையும் தளம் வெளியிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தேர்வுத்தாளை மதிப்பெண் முறை சொல்லாமல் கொடுத்தால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும்.

சோதிடம் பற்றி ஒரு கூற்று இருக்கிறது. சிலர் இயல்பிலேயே அதிர்ஷ்டமில்லாதவர்கள் என்று இன்னொன்று. அரசியலுக்கும் இதற்கும் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடோர்னோ என்ற ஜெர்மன் சிந்தனையாளரும் மற்றவர்களும் 1950-ல் வெளியிட்ட ஆய்வில் மூடநம்பிக்கையை அதிகாரத்துக்கு அடங்கும் மனப்பான்மையின் ஒரு கூறாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மரபு இது. சுயமரியாதை இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடர்பை விளக்கவே தேவையில்லை. ஆனால் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டே ஆலை வாசலில் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்ற பெண்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பெண்களை மேலே நகர்த்தும் கூற்றை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை சாதி. 62 கூற்றுகளில் அந்தச் சொல்லே இல்லை. பிரிட்டனில் எழுதியது, இருக்காதுதான். ஆனால் தமிழில் வாசிக்கும்போது சில கூற்றுகள் தாமாகவே சாதியைப் பற்றியவை ஆகிவிடுகின்றன. ‘எல்லோருக்கும் உரிமைகள் உண்டு, இருந்தாலும் வெவ்வேறு வகை மக்கள் அவரவர் ஆட்களோடு இருப்பதே எல்லோருக்கும் நல்லது.’ அங்கே இதை வாசிக்கிறவர் இனத்தை, குடியேறியவர்களை நினைப்பார். ‘அவரவர் ஆட்கள்’ என்று இங்கே வாசித்தால் வகுப்பில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ‘நாகரிகமான சமூகத்தில் கீழ்ப்படிய மேலே சிலரும், கட்டளையிடக் கீழே சிலரும் எப்போதும் இருக்க வேண்டும்’ என்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் பிள்ளைகள் கூட்டாக மறுப்பு சொல்வார்கள். சொல்லும்போது சிலர் மணிக்கட்டில் நிறக்கயிறு இருக்கும். தென்மாவட்டப் பள்ளிகளில் அந்தக் கயிற்றின் நிறம் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டில் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை தந்தது. ஒப்புக்கொள்ளவில்லை என்று கட்டத்தைத் தொடுவதற்கும் கயிற்றை அவிழ்ப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த இணையச் சோதனையும் அளக்காது. ஆனால் அந்தக் கூற்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பேச்சைத் தொடங்கிவிடலாம். நான் தொடங்கியிருக்கிறேன்.

சாதி எந்தக் கோட்டில் வரும்? இதற்கு எனக்குக் கிடைத்த பதில், இரண்டிலும் என்பது. நிலம் யாரிடம், கூலி யாருக்கு என்றால் அது கிடைக்கோடு. யார் யாருக்கு அடங்க வேண்டும், யார் யாரைக் கல்யாணம் செய்யலாம் என்றால் செங்குத்து. இடஒதுக்கீடு பற்றி ஒரு கூற்றுகூட இல்லாததால், 1993-ல் சட்டமாகி அடுத்த ஆண்டே 76-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த நம்முடைய 69 விழுக்காட்டை ஆதரிப்பவர் எங்கே நிற்கிறார் என்று இந்தப் படம் சொல்லாது. அரசு தலையிடுகிறது என்று பார்த்தால் மேலே. அடுக்கை உடைக்கிறது என்று பார்த்தால் கீழே. வாய்ப்பைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பார்த்தால் இடப்பக்கம். மொழியும் மாநில உரிமையும் இதே கதைதான். 1968-ல் இருமொழிக் கொள்கையை எடுத்த, 1969-ல் மாநில சுயாட்சியை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்த ஒரு மாநிலத்தின் அரசியலில் பாதி இந்தச் சதுரத்துக்கு வெளியே நிற்கிறது. பெரியாரை இதில் வைத்தால் சோதிடம், மதம், அதிகாரம், குடும்பம் பற்றிய பதில்கள் அவரைக் கீழே கொண்டுபோய்விடும். அவர் எதற்காக வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போனாரோ அதைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு கேள்வியும் இருக்காது.

மதுவிலக்கில் செங்குத்துக் கோடே ஆட்டம் கண்டுவிடுகிறது. சோதனையில் கஞ்சாவைப் பற்றி ஒரு கூற்று உண்டு: சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பது குற்றமாகக் கூடாது என்று. ஒப்புக்கொண்டால் கீழே, மறுத்தால் மேலே. அதே கணக்கை டாஸ்மாக்குக்குப் போட்டுப் பாருங்கள். 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசு நிறுவனத்தின் கையில். கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காரும் பெண்கள் தடை கேட்கிறார்கள், ஆகவே அதிகாரத்தின் பக்கம் என்று சோதனை சொல்லும். அவர்கள் எதிர்ப்பது அரசையும், அதன் வருமானத்தையும், குடித்துவிட்டு வந்து அடிக்கும் கையையும். 2015-ல் மதுக்கடைக்கு எதிராகக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடும்போது இறந்த காந்தியவாதி சசிபெருமாள் மேல் கட்டத்தில் இருக்க வேண்டியவரா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காந்தியே முழு மதுவிலக்கைக் கேட்டவர், புலனடக்கத்தை வலியுறுத்தியவர். தளத்தின் படத்தில் அவர் கீழே இருக்கிறார். 62 கூற்றுகளுக்கும் அவரே பதில் சொல்லியிருந்தால் அவ்வளவு கீழே இருந்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

பிளஸ் டூ பிள்ளைகளோடு நான் விரும்பிச் செய்கிற பயிற்சி ராஜாஜியை வைப்பது. 1959-ல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, தொழில் நடத்த எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் லைசென்ஸ் பெர்மிட் ராஜ்ஜியம் ஒழிய வேண்டும் என்றது. கிடைக்கோட்டில் சந்தேகமில்லாமல் வலது. அமெரிக்கப் பொருளில் பார்த்தால் இந்தியாவில் லிபர்டேரியன் என்ற பெயருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தவர்கள் குறைவு. ஆனால் அதே ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பினார். பிற்காலத்தில் அவரே இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். 1967-ல் திமுகவோடு கூட்டணி வைத்தார். பிள்ளைகள் ஒரு ராஜாஜிக்கு இரண்டு மூன்று புள்ளிகள் வைத்து அம்புக்குறி போட்டு வருகிறார்கள். அந்தப் படங்கள் தளத்தில் உள்ள தலைவர் படத்தைவிட எனக்கு அதிகம் சொல்கின்றன.

மாற்று வேண்டுமென்றால் எய்ட் வேல்யூஸ் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இலவசம். 70 கூற்றுகள், நடுநிலைப் பதிலும் உண்டு. தேசமா உலகமா, மரபா மாற்றமா என்று இரண்டு கோடுகளைக் கூடுதலாகச் சேர்த்து நான்காக அளக்கிறது. நிரல் வெளிப்படையாக இருப்பதால் மதிப்பெண் கணக்கை யாரும் பார்க்கலாம். கடைசியில் உங்களுக்கு ஒரு கொள்கைப் பெயரையும் சூட்டிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்ய இரண்டுமே உதவாது. அதற்கு ஜெர்மனியின் வால்-ஓ-மாட் போன்ற ஒன்று வேண்டும். 2002 முதல் அங்கே அரசின் குடிமைக் கல்வி நிறுவனம் முக்கியத் தேர்தல்களின்போது நடத்துகிறது. 38 கூற்றுகள், எல்லாம் அந்தத் தேர்தலில் பேசப்படுபவை. கட்சிகளே முன்கூட்டிப் பதில் தருகின்றன, காரணமும் எழுதலாம். வாக்காளர் தன் பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் சட்டமன்றத் தேர்தலுக்கு இப்படி ஒன்று தமிழில் வந்தால் முதல் ஆளாக உட்காருவேன். கொள்கைக் கூட்டணி என்று மேடையில் சொல்கிறவர்கள் 38 வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று எழுதித் தரட்டும்.

வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு: முழுச் சோதனையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆபாசப் படம், திருமணத்துக்கு வெளியே உறவு என்று கடைசிப் பக்கத்தில் வருபவை பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. நான் பத்துப் பன்னிரண்டு கூற்றுகளை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், யாரும் யாரிடமும் காட்டத் தேவையில்லை, நானும் கேட்க மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையின் அரசியலை அரசுப் பள்ளி ஆசிரியர் கேட்டு வாங்குவது சரியல்ல. அதுவும் எங்கள் பக்கத்தில் அந்தப் பதிலிலிருந்து சாதியை ஊகிக்க ரொம்ப நேரம் ஆகாது. விவாதத்தின்போதும் “நீ என்ன நினைக்கிறாய்” என்று கேட்பதில்லை, “இதை ஒப்புக்கொள்கிறவர் என்ன காரணம் சொல்வார்” என்று கேட்கிறேன்.

கடைசி இருபது நிமிடம் பிள்ளைகளே கூற்று எழுத வேண்டும். விதி ஒன்றுதான்: இரண்டு பக்கமும் நியாயமான ஆட்கள் இருக்க வேண்டும். போன வருடம் வந்தவற்றில் சில: ‘வருமானம் குறைந்தாலும் டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும்.’ ‘தனியார் வேலையிலும் இடஒதுக்கீடு வேண்டும்.’ ‘மாநிலத்துக்கு ஆளுநர் தேவையில்லை.’ ‘பெண்களுக்கு இலவசப் பேருந்து கொடுப்பதைவிடக் கூலியை உயர்த்துவது நல்லது.’ ‘எந்தச் சாதியில் பிறந்தவரும் எந்தக் கோயிலிலும் அர்ச்சகராகலாம்.’ கடைசிக் கூற்றில் இரண்டு பக்கமும் நியாயமான ஆட்கள் உண்டு என்று சொல்ல முடியுமா என்று ஒரு மாணவி ஆட்சேபம் சொன்னாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த வருடம் அந்த ஆட்சேபத்தையே முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.